‘ஒண்டுமில்லை’ என்று சொல்லும் கீதன்

கிழமை முழுக்கப் பனிக்குள் பஸ் ஓட்டுகிற ஒருவன், லீவு நாள் கிடைத்தால் என்ன செய்வான்? போர்த்துக்கொண்டு படுப்பான். என் தங்கை நிலாணியின் கணவன் கீதன் அப்படியில்லை. ஸ்காபரோ வீதிகளில் உப்பும் சேறும் கலந்த பனியோடு மல்லுக்கட்டிவிட்டு, லீவு நாளில் நல்ல பனி தேடி இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டிக் கொலிங்வூட் பக்கத்து மலைக்குப் போவான். அங்கே இரண்டு காலிலும் சுளகு மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடப்பான். அதற்குப் பெயர் ஸ்னோஷூ, பனிச்சப்பாத்து. பனி எவ்வளவு ஆழமாகக் கிடந்தாலும் கால் புதையாதாம். வீட்டிலேயே இருந்தாலும் கால் புதையாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். சிரித்தான்.

மலை என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். நுவரெலியாவைப் பார்த்தவர்கள் அதை மலை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ரொறன்ரோக்காரருக்கு அதுதான் மலை. கீதனுக்கு அது கோயில்.

அவன் இந்த நாட்டுக்கு வந்தது வளர்ந்த பிறகு, தனி ஆளாக. உணவகத்தில் கோப்பை கழுவினான், பக்ரறியில் பெட்டி அடுக்கினான், பிறகு படித்துப் பாஸ் பண்ணி பஸ் சாரதியானான். கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் ஓய்வு பெற்றுப் போகும்போது தன்னுடைய பழைய பனிச்சப்பாத்தை அவனிடம் கொடுத்திருக்கிறார். மற்றவர்களாக இருந்தால் நன்றி சொல்லி வாங்கிக் கொண்டுபோய் கராஜில் போட்டிருப்பார்கள். இவன் கட்டிக்கொண்டு நடந்தே விட்டான்.

கீதன் நல்லவன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் கதைக்க மாட்டான். என்ன கேட்டாலும் அவனிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கும்: “ஒண்டுமில்லை.” குசினியில் தண்ணீர்க் குழாய் வெடித்துக் கீழ் வீட்டுக்காரன் வந்து கத்துகிறான், இவன் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு “ஒண்டுமில்லை” என்கிறான். பஸ்ஸுக்குள் குடிகாரன் ஒருவன் தள்ளிவிட்டதில் மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்த நாளிலும் அதே ஒண்டுமில்லைதான். செத்துப்போனாலும் பெட்டிக்குள் இருந்து அதைத்தான் சொல்லுவான் என்று நான் பகிடி விடுவேன்.

நிலாணி அவனைக் கட்டிய புதிதில் எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதிருக்கிறாள். அவள் சின்ன வயதிலேயே இங்கே வந்தவள், பல் வைத்தியசாலையில் முன்மேசை வேலை, நாள் முழுக்கச் சனத்தோடு கதைத்துப் பழகியவள். வீட்டுக்கு வந்தால் சுவரோடு கதைக்க வேண்டியிருக்கிறது என்றாள். அந்த மாரியில்தான், பனி கொட்டுகிற காலத்தில், அவன் அவளையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பின்னேரம் எனக்குப் போன் வந்தது.

“அக்கா, உந்த மனிசன் கதைக்கிறார்!”

“என்னடி சொல்லுறாய்?”

“நடக்கேக்க கதைக்கிறார் அக்கா. நிப்பாட்டாமல் கதைக்கிறார். சின்ன வயசுக் கதை, பஸ்ஸிலை நடந்த கதை, எல்லாம். நான் இரண்டு தரம் விழுந்திட்டன். தூக்கி விட்டிட்டுத் திரும்பவும் கதைக்கிறார்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாரியும் அவர்களுக்கு அதுதான் வழக்கம். நிலாணிக்கும் சொந்தமாக ஒரு சோடி வந்தது. ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் இருக்கிற அவர்களுடைய அப்பார்ட்மென்ட் கதவைத் திறந்தால் செருப்பு வைக்கிற இடத்தில் இரண்டு சோடியும் சாத்தி நிற்கும். அவர்களுடைய கல்யாண வாழ்க்கை வோபர்னில் நடக்கவில்லை, மலையில்தான் நடந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். மற்ற நாட்களில் அதற்காகக் காத்திருந்தார்கள்.

போன புரட்டாதியில் பிள்ளை பிறந்தாள். பெயர் ஆரபி.

பிள்ளை வந்த வீட்டின் களைப்பைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. கீதனுக்கு விடியற்காலை வேலை, அல்லது பின்னேர வேலை, அல்லது இரண்டும் அரைவாசி அரைவாசியாக ஒரே நாளில். இவள் பிள்ளையைக் கொடுப்பாள், அவன் வாங்குவான். அவன் கொடுப்பான், இவள் வாங்குவாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்ததை நான் காணவில்லை. நானும் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற வேலை செய்கிறவள். நான் இருக்கிற பிக்கரிங்கிலிருந்து போய் ஒரு கறி வைத்துக் கொடுத்துவிட்டு வருவதற்குள் எனக்கே இடுப்பு நாரி முறிந்துவிடும். மூன்று பேரும் கொட்டாவி விட்டபடிதான் கதைப்போம்.

களைப்பு மட்டும் என்றால் பரவாயில்லை. நிலாணிக்குப் பயம் பிடித்துவிட்டது. பிள்ளை தும்மினால் பயம், தும்மாவிட்டால் பயம். மூச்சு விடுகிறாளா, பால் காணுமா, தலை ஏன் ஒரு பக்கமாகச் சரிகிறது? கீதனிடம் கேட்பாள். அவன் என்ன சொல்லுவான் என்று உங்களுக்கே தெரியும்.

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் ஒரு பிரச்சினை வந்தது. துடக்கு, அதாவது தீட்டு, கழிக்கிற அன்று நான் கடையில் வாங்கிய மையால் பிள்ளைக்குக் கன்னத்தில் ஒரு கறுத்தப் பொட்டு வைத்தேன். வருகிற சனத்தின் கண் படாமல் இருக்க எல்லோரும் செய்கிறதுதான். அடுத்த நாள் அந்த இடம் சிவந்து தடித்துவிட்டது. நிலாணி அழுதாள். யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ கொண்டுவந்து தந்த சிரட்டைப் பொட்டும் வீட்டில் இருந்தது. சவ்வரிசியைக் கருக வறுத்துக் காய்ச்சித் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி வைப்பார்களே, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுப்பது, அது. அதையும் சேர்த்து அவள் தடை போட்டாள்.

“இனி ஒருத்தரும் பிள்ளையின்ரை முகத்திலை ஒண்டும் வைக்கக்கூடாது. சொல்லிப்போட்டன்.”

கீதன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, “ஓம் அக்கா, உந்த மூடநம்பிக்கை எல்லாம் பிக்கரிங்கோடை வைச்சிருங்கோ,” என்றான். எனக்குக் கோபம் வந்தது. விட்டுவிட்டேன்.

மாரி வந்தது. பனிச்சப்பாத்துகள் கதவடியில் சும்மா நின்றன. அவற்றின் மேல் பிள்ளையின் துவாய்கள் காய்ந்தன. மாசி மாதம் ஒரு நாள் நிலாணி என்னிடம் சொன்னதை நான் மறக்க மாட்டேன். அழவில்லை. அழுவதற்கும் சக்தி இல்லாத குரல்.

“அக்கா, அவருக்கு ஒண்டுக்கும் பயமில்லை. நான் மட்டும்தான் பயப்பிடுறன். தனிய இருந்து பயப்பிட்டுப் பயப்பிட்டு எனக்குக் களைச்சுப் போச்சு.”

“அவன் அப்பிடித்தானே. உனக்குத் தெரியாதே?”

“முந்தி மலையிலையாவது கதைப்பார். இந்த ஞாயிறு போவம் எண்டு கேட்டிருக்கிறன். பிள்ளையையும் கொண்டு போறம். அங்கையும் அவர் உந்த ஒண்டுமில்லையைத்தான் சொன்னால், திரும்பி வரேக்க நானும் பிள்ளையும் உங்கடை வீட்டை வாறம். கொஞ்ச நாளைக்கு இருக்கட்டே அக்கா?”

கொஞ்ச நாள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் சில வேளை வருசமாகும். ஆனாலும் வேண்டாம் என்று ஒரு அக்கா எப்படிச் சொல்வது? ஓம் என்றேன். நித்திரை இல்லாதவன் கார் ஓட்டக் கூடாது என்று சாக்குச் சொல்லி என்னையே சாரதியாகவும் பிடித்துவிட்டாள்.

ஞாயிறு காலை என் காரின் பின்பெட்டியில் அவள் ஒரு நீலப் பயணப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கீதன் அதன் மேலேயே பனிச்சப்பாத்துகளை அடுக்கினான். 

பயணம் முழுக்கக் கீதன் முன்சீற்றில் தலை ஆடி ஆடி நித்திரை கொண்டான். நிலாணி பின்னால் பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். பரி நகரம் தாண்டியதும் வெளி எல்லாம் வெள்ளையாகிவிட்டது. இதற்குப்போய் ஏன் சனம் இவ்வளவு தூரம் வருகிறது என்று நான் மனதுக்குள் திட்டிக்கொண்டு ஓட்டினேன்.

மலையடியில் காரை நிறுத்தியபோது பிள்ளை ஈரம் பண்ணியிருந்தாள். “நான் மாத்திக்கொண்டு வாறன், நீங்கள் வெளிக்கிடுங்கோ,” என்று கீதன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டடத்துக்குள் போனான். டயப்பர் மாற்றுவதில் அவனுக்கு அப்படி ஒரு ஆர்வம் வந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். ஆனால் அந்த நேரம் எனக்கு வேறு கவலை. வாடகைக்கு எடுத்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு முதல் அடி வைத்ததும் ஒரு காலால் மற்றக் காலை மிதித்துக் குப்புற விழுந்திருந்தேன்.

அவன் திரும்பி வரும்போது பிள்ளையை நெஞ்சோடு கட்டி, மேலே தன் பெரிய ஜாக்கெட்டை இழுத்து மூடியிருந்தான். அவளுடைய தொப்பிக் குஞ்சம் மட்டும் வெளியே தெரிந்தது.

நடந்தோம். கீதன் முன்னால், நிலாணி அவனுக்குப் பின்னால், நான் எல்லோருக்கும் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு. வடிவான இடம்தான், பொய் சொல்லக் கூடாது. மரங்கள் பனியைத் தாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் நின்றன. ஆனால் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது வேறொன்றை. கீதன் எப்போது கதைக்கத் தொடங்குவான்? அவன் கதைக்கவில்லை. நிலாணிதான் கொஞ்சத்துக்கொருதரம் கேட்டாள்.

“பிள்ளைக்குக் குளிருதோ?”

“ஒண்டுமில்லை.”

“நித்திரையோ? அசையிறாளோ?”

“ஒண்டுமில்லை, நிலா. நடவும்.”

ஒவ்வொரு ஒண்டுமில்லைக்கும் அந்த நீலப் பை என் வீட்டு வாசலுக்குக் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது. எனக்கு அவன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அட பாவி, வேறு ஏதாவது ஒரு சொல் உன் வாயில் வராதா? பின்னாலிருந்து ஒரு பனி உருண்டையை எறிந்தால் என்ன என்று கூட யோசித்தேன். குனிந்தால் விழுந்துவிடுவேன் என்பதால் விட்டேன்.

ஏற்றம் முடிகிற இடத்தில் நிலாணி அவனை நிறுத்தினாள். தானே ஜாக்கெட்டின் சிப்பைக் கீழே இழுத்து உள்ளே பார்த்தாள்.

அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவது? அலறல் கூட இல்லை. மூச்சு உள்ளுக்குப் போய் வெளியே வராத ஒரு சத்தம். பிறகுதான் கத்தினாள்.

“கறுத்துப் போச்சு! பிள்ளையின்ரை மூக்குக் கறுத்துப் போச்சு! அக்கா! குளிர் கடிச்சிட்டுது அக்கா!”

நான் எப்படி அந்த ஏற்றத்தை ஏறினேனோ தெரியாது. எட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஆரபியின் சின்ன மூக்கின் நுனியும் ஒரு பக்கக் கன்னமும் கறுப்பு. குளிர் கடித்த இடம் முதலில் வெளிறும், கறுப்பது நாட்கள் போன பிறகுதான் என்று இப்போது எனக்குத் தெரியும். அங்கே நின்றபோது அது எனக்குத் தெரியாது. நிலாணி பனியிலேயே தொப்பென்று இருந்துவிட்டாள்.

“பிள்ளையைக் குளிருக்கை கொண்டு வரக்கூடாது எண்டு எல்லாரும் சொன்னவை. நான்தான் கேட்டு வந்தனான். நான்தான் என்ரை பிள்ளையை...”

கீதன் குனிந்து பார்த்தான். அவன் முகம் வெளிறிவிட்டது. இப்போது சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சொல்லை இப்போது மட்டும் சொன்னால் நானே இவனை இந்த மலையிலிருந்து தள்ளிவிடுவேன் என்று நினைத்தேன்.

“நிலா,” என்றான். “அது பொட்டு.”

எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

“நான்தான் வைச்சனான். கீழை, டயப்பர் மாத்தேக்க. சிரட்டைப் பொட்டு. காதடியிலை, தொப்பிக்குள்ளை தெரியாத மாதிரித்தான் வைச்சனான். என்ரை மூச்சும் அவளின்ரை மூச்சும் பட்டுக் கரைஞ்சு, முகத்தை என்ரை சேர்ட்டிலை தேய்ச்சு...”

கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, விரலை எச்சிலில் தொட்டுப் பிள்ளையின் மூக்கைத் துடைத்தான். கறுப்பு விரலோடு வந்தது. அதனடியில் மூக்கு நல்ல சிவப்பாக, சூடாக இருந்தது. ஆரபி கண்ணைத் திறந்து எங்கள் எல்லோரையும் பார்த்து ஒரு கொட்டாவி விட்டாள். தன்னுடைய ஜாக்கெட் பையிலிருந்து அந்தச் சிரட்டைத் துண்டையும் எடுத்துக் காட்டினான். மூடநம்பிக்கையைப் பிக்கரிங்கோடு வைத்திருக்கச் சொன்னவன்!

நான் வாய் திறக்கப் போனேன். நிலாணி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். பனியில் இருந்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்கள் ஏன் வைச்சனீங்கள்?”

அவன் சிரட்டைத் துண்டைத் திரும்பப் பைக்குள் வைத்தான்.

“கீதன், ஏன் வைச்சனீங்கள்? நான் வேண்டாம் எண்டனான். நீங்களும் சிரிச்சனீங்கள்.”

“பயத்திலை,” என்றான்.

காட்டுக்குள் எங்கோ ஒரு கிளை பனியைக் கொட்டியது. அவன் பிள்ளையின் முதுகைத் தடவியபடி, நிலாணியைப் பார்க்காமல், பனியைப் பார்த்துச் சொன்னான்.

“ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முன்னம் அவளின்ரை மூக்கடியிலை விரல் வைச்சுப் பாக்கிறனான். சிவப்பு லைற்றிலை நிக்கேக்க, மூச்சு விடுறாளோ எண்டு நினைப்பன். பின்னாலை கார்க்காரன் கோர்ன் அடிப்பான். இண்டைக்கு இஞ்சை கூட்டிக்கொண்டு வரவும் பயம். நீர் ஆசைப்பட்டுக் கேட்டனீர், மறுக்கேலாமல் போச்சு. என்ன செய்யிறதெண்டு தெரியாமல் பொட்டை வைச்சன்.”

“அப்ப நான் கேக்கேக்க எல்லாம் ஏன் ஒண்டுமில்லை எண்டனீங்கள்?”

“ரெண்டு பேரும் பயந்தால் பிள்ளையை ஆர் பாக்கிறது?”

நிலாணி பனியை ஒரு கை அள்ளி அவன் காலில் எறிந்தாள். பிறகு இன்னொரு கை. அவளுக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. “நான் இவ்வளவு நாளும் எனக்கு விசர், மூளை பிழைச்சுப் போச்சு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்,” என்றாள். “விசர் எண்டு நினைச்சனான் கீதன்!” அவன் கையை நீட்டினான். கொஞ்ச நேரம் அந்தக் கையை அவள் பிடிக்கவில்லை. பிறகு பிடித்து எழும்பினாள்.

இறங்கும்போது இரண்டு பேரும் முன்னால் போனார்கள். அவன் கதைப்பது கேட்டது. விட்டு விட்டுத்தான், பழைய மாதிரி இல்லை. நான் வேண்டுமென்றே பிந்தினேன். உண்மையில் வேண்டுமென்று பிந்தத் தேவையில்லை, என் கால் அப்படி நொந்தது.

காரடியில் எனக்கு நீலப் பையின் ஞாபகமே இல்லை. நிலாணி பின்சீற்றில் ஏறிப் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தொடங்கியிருந்தாள். கீதன் பின்பெட்டியைத் திறந்து பனிச்சப்பாத்து வைக்க இடம் பார்த்துப் பையை நகர்த்தினான். நகரவில்லை. சிப்பைத் திறந்தான். அவளுடைய உடுப்புகள், பிள்ளையின் உடுப்புகள் முழுக்க, பிள்ளை போர்த்துப் படுக்கிற மஞ்சள் போர்வை. ஒரு நாள் பயணத்துக்கு யாரும் அப்படிக் கட்டமாட்டார்கள். அவன் அங்கேயே நின்றான். பிறகு என்னைப் பார்த்தான். நான் என் சப்பாத்துப் பட்டியைப் பார்த்தேன்.

அவன் போய்ப் பின்கதவைத் திறந்து, அதனடியில் பனியில் குந்தினான்.

“பை...” என்றான்.

“ஓம்,” என்றாள் நிலாணி. “இண்டைக்கு இரவு அக்கா வீட்டை போறதெண்டு நினைச்சுத்தான் கட்டினனான்.”

அவனுக்கு அந்தச் சொல் வாய்வரை வந்திருக்கும். எத்தனை வருசப் பழக்கம். உதடு அசைந்ததை நான் கண்டேன்.

“எனக்குப் பயமாக் கிடக்கு, நிலா,” என்றான்.

அவள் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றி, பக்கத்துச் சீற்றில் கிடந்த சாமான்களை ஒரு கையால் கீழே தள்ளினாள். “ஏறுங்கோ. கதவைச் சாத்துங்கோ, பிள்ளைக்குக் குளிருது,” என்றாள்.

திரும்பி வரும்போது நான் தனி ஆளாக முன்னால் இருந்து ஓட்டினேன். ஏற்கெனவே வந்த களைப்போடு போகிற களைப்பும் சேர்ந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் மூன்று பேரும் நித்திரை, பிள்ளை தன் சீற்றில், மற்ற இருவரும் அவள் பக்கம் சாய்ந்து. ஆரபியின் மூக்கில் கறுப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நாலாயிரத்து நானூறு கேள்விகள் என் தலைக்குள் ஓடின. எல்லாம் ஒரே கேள்விதான், எங்கே இறக்குவது? வோபர்ன் முதலில் வரும். பிக்கரிங் அதற்கு அப்பால். எழுப்பிக் கேட்க மனம் வரவில்லை. கேட்காமல் முடிவெடுக்கவும் எனக்கு உரிமை இல்லை.

வோபர்னுக்குத் திரும்புகிற மார்க்கம் வீதி அறிவிப்புப் பலகை தெரிந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் நித்திரையே கொள்ளவில்லை.

“அக்கா, உதிலை இறங்குங்கோ.”

நான் சிக்னலைப் போட்டேன்.

அப்பார்ட்மென்ட் வாசலில் கீதன் நீலப் பையை இறக்கினான். இரண்டு பிடி வைத்த பெரிய பை. “பாரமோ?” என்று நிலாணி கேட்டாள். அவன் அதைத் தூக்கி இரண்டு அடி வைத்தான், நின்றான், கீழே வைத்தான்.

“ஓம்,” என்றான். “பாரமாத்தான் கிடக்கு.”

நிலாணி பிள்ளையை என் கையில் தந்துவிட்டுப் போய் மற்றப் பிடியைப் பிடித்தாள்.